தளம் செதுக்கிய விமானம்

விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அவ்வளவு சிறிய இடத்தில் எப்படி இறங்குகிறார்கள்? நம் பழைய ஐ.என்.எஸ். விக்ராந்தின் மொத்த நீளமே 213 மீட்டர்தான். அதிலும் இறங்குவதற்குக் கிடைப்பது ஒரு பகுதி. தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி நிற்கும் போர்விமானம் அங்கே அறுபது எழுபது மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. இதற்கு விடையும் பலருக்குத் தெரியும். விமானத்தின் வாலுக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, தளத்தின் குறுக்கே எஃகுக் கம்பிகள் கட்டப்பட்டிருக்கின்றன, கொக்கி கம்பியில் மாட்டிக்கொள்கிறது.

சரி, கொக்கி மட்டும் போதுமென்றால் தரையிலிருந்து பறக்கும் எந்த விமானத்துக்கும் ஒரு கொக்கியைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பிவிடலாமே? அப்படி அனுப்ப முடிவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெட் விமானங்கள் கப்பலுக்குச் சரிப்பட்டு வருமா என்று அந்தத் துறையில் ஊறியவர்களே சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அவற்றைப் புரிந்துகொள்ள, 1947-இல் இங்கிலாந்தில் பறந்த ஒரு முன்மாதிரி விமானத்தைப் பின்தொடர்ந்து போவது நல்ல வழி. ஹாக்கர் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் பி.1040. பிற்காலத்தில் அது ‘சீ ஹாக்’ ஆனது. நம் கடற்படையின் முதல் கப்பல்வழிப் போர் ஜெட்டும் அதுதான்.

முதலில் கம்பியின் கணக்கு. ஓடும் பொருளை நிறுத்த அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் உறிஞ்ச வேண்டும். இந்த ஆற்றல் வேகத்தோடு நேராக வளர்வதில்லை. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே வேகத்தைச் சிறிது குறைத்தாலும் கிடைக்கும் லாபம் பெரிது. விமானம் மணிக்கு 200 கிலோமீட்டரில் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கப்பல் காற்றை எதிர்த்து 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எதிர்க்காற்று 20 கிலோமீட்டர். சிறகுகளின் மேல் பாயும் காற்று இன்னமும் 200 கிலோமீட்டர் வேகத்தில்தான் பாய்கிறது, அதனால் விமானம் கீழே விழாது. தளத்தைப் பொறுத்தவரையிலோ விமானத்தின் வேகம் 140 மட்டுமே. வேகம் பத்தில் ஏழு பங்கானது, உறிஞ்ச வேண்டிய ஆற்றல் பாதியாகிவிட்டது. அறுபது மீட்டருக்குள் நிறுத்த வேண்டுமென்றால் விமானத்தின் எடையைப் போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேலான விசை போதும். கப்பல் நின்றிருந்து, காற்றும் வீசாவிட்டால் இரண்டரை மடங்குக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு இழுப்பைத் தாங்க வால்பகுதியின் எலும்புக்கூட்டை இன்னும் தடிமனாக்க வேண்டும். தடித்தால் எடை கூடும். எடை கூடினால் இறங்கும் வேகம் கூடும். வேகம் கூடினால் மறுபடி ஆற்றல் கூடும். கப்பல் விமானத்தை வடிவமைப்பவர்கள் இறங்கும் வேகத்தை ஒவ்வொரு கிலோமீட்டராகக் குறைக்கப் போராடுவது இந்தச் சுழலில் சிக்காமல் இருக்கத்தான்.

இறங்கும் விதமும் வேறு. பயணிகள் விமானத்தின் விமானி கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி, சக்கரங்களை மெல்லத் தரையில் பதிக்கிறார். கப்பலில் அப்படிச் செய்தால் கம்பிகளைத் தாண்டிவிடுவார். ஆகவே வந்த சாய்விலேயே, நொடிக்கு மூன்று நான்கு மீட்டர் என்ற வீதத்தில், தளத்தில் மோதுவதைப் போலவே இறங்க வேண்டும். சக்கரக் கால்களும் அவை பொருந்தியிருக்கும் சிறகின் முதுகெலும்பும் ஒவ்வொரு முறையும் அந்த அடியை வாங்குகின்றன.

இவையெல்லாம் புரொப்பல்லர் காலத்திலேயே தெரிந்த சங்கதிகள். ஜெட் வந்தபோது புதிதாக என்ன சிக்கல் வந்தது?

புரொப்பல்லர் விமானத்தில் விசிறி சிறகுக்கு முன்னால் சுழல்கிறது. விமானி எந்திரத்தை முடுக்கினால் விசிறி தள்ளும் காற்று உடனே சிறகின் மேல் பாய்கிறது. விமானத்தின் வேகம் கூடுவதற்கு முன்பே தூக்குவிசை கூடிவிடுகிறது. தளத்துக்குக் கீழே தாழ்ந்துபோகிற விமானத்தை இது பலமுறை காப்பாற்றியிருக்கிறது. எந்திரத்தைத் தணித்தால் அதே விசிறி காற்றைத் தடுத்து விமானத்தின் வேகத்தைக் குறைக்கிறது. விமானி கைப்பிடியை முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் விமானம் அந்தக் கணமே கேட்டது.

ஜெட் எந்திரத்தில் இந்த இரண்டு உதவிகளும் இல்லை. அதன் வயிற்றில் காற்றை அமுக்கும் சக்கரமும், அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில் இருக்கின்றன. எரிபொருளைக் கூட்டினால் வாயு சூடேறி, டர்பைனைத் தள்ளி, கனத்த சக்கரத்தின் சுழற்சியை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அதன்பிறகுதான் உந்துவிசை கூடும். அக்கால எந்திரங்கள் குறைந்த சுழற்சியிலிருந்து முழுவிசைக்கு வரப் பல நொடிகள் எடுத்துக்கொண்டன. எரிபொருளை அவசரமாகக் கொட்டினால் டர்பைன் அளவுக்கு மீறிச் சூடாகும், சமயத்தில் நெருப்பே அணைந்துவிடும். தளத்துக்கு நூறு மீட்டர் தூரத்தில் தாழ்ந்துபோகும் விமானிக்கு நொடிகள் ஏது? எந்திரத்தைத் தணித்தால் மட்டும் விமானம் நிற்குமா என்றால் அதுவும் இல்லை. முன்னால் விசிறி இல்லாத வழவழப்பான உடல் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். இவற்றோடு தாகமும் சேர்ந்துகொண்டது. ஜெட்கள் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மறுபடி சுற்றி வர மிச்சம் வைத்திருக்க வேண்டிய எரிபொருளும் கணக்கில் இடிக்கத் தொடங்கியது.

இறங்கவே முடியாது என்ற பேச்சுக்கு 1945 டிசம்பர் 3 அன்று முற்றுப்புள்ளி விழுந்தது. எரிக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் கடற்படைச் சோதனை விமானி ‘சீ வாம்பயர்’ ஜெட்டை எச்.எம்.எஸ். ஓஷன் கப்பலில் இறக்கிக் காட்டினார். இந்தச் சோதனையிலிருந்து எதை அறிந்தோம், எதை அறியவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உலகின் மிகத் திறமையான விமானிகளில் ஒருவரால் ஒரு ஜெட்டைக் கப்பலில் இறக்க முடியும் என்பது நிறுவப்பட்டது. சாதாரணத் திறமையுள்ள இளம் விமானிகள், களைத்துத் திரும்பும்போது, நாள்தோறும் இறக்க முடியுமா என்பதற்கு விடை கிடைக்கவில்லை. எதிர்பாராத ஒரு நல்ல செய்தியும் வந்தது. ஜெட்டில் விமானிக்கு முன்னால் நீண்ட எந்திர மூக்கு இல்லை. அவர் மூக்கின் நுனிக்கு அருகிலேயே அமர்கிறார், தளம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய விமானங்களில் இறங்கும் கடைசிக் கட்டத்தில் தளத்தை மறைத்த மூக்கு இதில் இல்லவே இல்லை.

இந்த நிலையில்தான் ஹாக்கரின் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி கேம் தம் பலகையில் ஒரு படத்தைத் திருத்தித் திருத்தி வரைந்துகொண்டிருந்தார். போரில் புகழ்பெற்ற ‘ஹரிக்கேன்’ விமானத்தை வடித்தவர் அவர். கையில் இருந்த எந்திரம் ரோல்ஸ் ராய்ஸின் ‘நீன்’. 1944 அக்டோபரில் முதன்முதலாக ஓடிய இது, அன்று உலகிலேயே ஆற்றல் மிக்க ஜெட் எந்திரங்களில் ஒன்று. உந்துவிசை சுமார் 5,000 பவுண்டு. பிற்பாடு பிரிட்டன் இதைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது, மிக்-15 அதன் வழிவந்த எந்திரத்தால் பறந்தது. அமெரிக்காவில் உரிமம் பெற்றுச் செய்த நீன், கிரம்மன் ‘பேந்தர்’ என்ற கப்பல் ஜெட்டுக்குப் போனது. கொரியப் போரில் எதிரெதிராக நின்ற இரண்டு விமானங்களின் எந்திரங்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

நீன் பருத்த எந்திரம். காற்றை மையத்திலிருந்து வெளிப்புறமாக வீசி அமுக்கும் வகை என்பதால் குறுக்களவு ஒன்றேகால் மீட்டர். இவ்வளவு பருமனான ஒன்றை உடலின் நடுவில், சமநிலைப் புள்ளிக்கு அருகில்தான் வைக்க முடியும். அங்கே வைத்தால் சூடான வாயு வெளியேற வால்வரை ஒரு நீண்ட குழாய் வேண்டும். வயலுக்குப் பம்புசெட்டிலிருந்து ரப்பர் குழாய் போட்டவர்களுக்கு இதன் விளைவு தெரியும். குழாய் நீள நீள, மறுமுனையில் தண்ணீரின் பாய்ச்சல் தளரும். ஜெட்டிலும் குழாயின் சுவரோடு உரசியே உந்துவிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. போதாததற்கு, அந்தக் குழாய் பின்னுடல் முழுவதையும் அடைத்துக்கொள்வதால் எரிபொருள் வைக்க இடமில்லாமல் போகிறது. தாகம் மிகுந்த எந்திரத்துக்கு இது பெரிய இடி.

கேம் கண்ட தீர்வு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. குழாயை வாலுக்குக் கொண்டுபோகாமல், எந்திரத்தின் பின்னாலேயே இரண்டாகப் பிளந்து, சிறகு உடலோடு சேரும் இடத்தின் பின்விளிம்பில் இடதும் வலதுமாக வெளியே விட்டார். காற்று உள்ளே நுழையும் வாய்களும் அதே சிறகு வேரின் முன்விளிம்பில்தான். காற்று சிறகு வேரில் நுழைந்து, எந்திரத்தில் எரிந்து, சிறகு வேரிலேயே வெளியேறுகிறது. பாதை எவ்வளவு குறுகிவிட்டது பாருங்கள். பின்னுடல் முழுவதும் காலியாகி, அங்கே எரிபொருள் தொட்டி வந்தது. முன்புறம் ஒரு தொட்டி, பின்புறம் ஒரு தொட்டி, நடுவில் எந்திரம். எரிபொருள் தீரத் தீரச் சமநிலையும் அதிகம் குலையாது. கொக்கியைப் பொருத்த வேண்டிய வால்பகுதி, சூடான குழாய் இல்லாமல் விடுதலை பெற்றது. நீளமான குழாய் என்ற ஒரு தொல்லையைத் தீர்த்ததில் நான்கு தொல்லைகள் தீர்ந்தன. நல்ல வடிவமைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

இதற்கும் விலை இருந்தது. வாயுவை வளைத்தால் அதிலும் கொஞ்சம் விசை இழக்கும். உடலின் தோலுக்கு மிக அருகில் பீறிடும் வெப்பத் தாரைகள் உலோகத்தைச் சுடும், அதிரச் செய்யும். காகிதத்தில் போட்ட கணக்கு இதில் ஓரளவுதான் உதவும். முன்மாதிரியைக் கட்டிப் பறக்கவிட்டால்தான் தெரியும்.

முதல் முன்மாதிரி வி.பி.401, 1947 செப்டம்பர் 2 அன்று பாஸ்கம்ப் டவுன் தளத்திலிருந்து எழுந்தது. ஓட்டியவர் பில் ஹம்பிள். இதில் துப்பாக்கியும் இல்லை, கொக்கியும் இல்லை, சிறகு மடங்கவும் செய்யாது. எந்திரமும் வடிவமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க மட்டுமே பிறந்த விமானம் அது. பறந்ததும் இரண்டு குறைகள் தெரிந்தன. எழுவதற்கு ஓடும் தூரம் எதிர்பார்த்ததைவிட நீண்டது. விமானத்தின் உடல் அதிர்ந்தது.

அதிர்வுக்குக் காரணம் தேடும் விதம் அறிவியலுக்கே உரிய பொறுமை கொண்டது. அதிர்வு எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உணரப்படுகிறது என்று ஒவ்வொரு பறப்பிலும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். இந்த விமானத்தில் பின்னுடலும் வாலும் திருத்தப்பட்டன. செங்குத்து வாலும் கிடைவாலும் சந்திக்கும் மூலையில் துப்பாக்கிக் குண்டின் வடிவில் ஒரு மூடி வைத்தார்கள். அது ஏன் உதவுகிறது? இரண்டு பரப்புகள் குறுக்காகச் சேரும் இடத்தில் காற்றுக்கு வழி குறுகுகிறது, குறுகிய வழியில் காற்று விரைகிறது. விமானம் ஒலியின் வேகத்தை எட்டாவிட்டாலும் அந்த மூலையில் பாயும் காற்று மட்டும் அதை எட்டிவிடலாம். எட்டினால் அங்கே அதிர்ச்சி அலை உருவாகும், அதன் பின்னால் காற்று பரப்பைவிட்டுப் பிரிந்து கலங்கும், வால் நடுங்கும். குண்டு வடிவ மூடி அந்த மூலையை நிரப்பி, காற்றைச் சீராக வழிநடத்துகிறது. சீ ஹாக்கின் படங்களில் வாலின் நடுவே துருத்தி நிற்கும் கூம்பு அலங்காரமல்ல. வி.பி.401 பறந்து கற்ற பாடம் அது.

பிரிட்டிஷ் வான்படை இந்த விமானத்தை வேண்டாமென்று விட்டது. கையில் இருந்த மீட்டியர், வாம்பயர் ஜெட்களைவிட இது பெரிய முன்னேற்றமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. கடற்படை எடுத்துக்கொண்டது. கடலுக்கான கருவிகள் அனைத்தும் பொருத்திய இரண்டாவது முன்மாதிரி வி.பி.413, 1948 செப்டம்பர் 3 அன்று பறந்தது. இதன் சிறகுகள் நடுவில் மடங்கின, மடக்கினால் விமானத்தின் அகலம் நான்கு மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. இருபது மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு, உந்தி எறியும் கவணில் மாட்டும் கொக்கிகள், இறங்கும் கொக்கி எல்லாம் சேர்ந்தன. எடை கூடியதற்கு ஈடாக, சிறகின் வீச்சும் முதல் முன்மாதிரியைவிட ஏறத்தாழ முக்கால் மீட்டர் வளர்ந்தது. மறு ஆண்டு எச்.எம்.எஸ். இல்லஸ்ட்ரியஸ் கப்பலில் சோதனைகள் நடந்தன.

சிறகைப் பற்றி ஒரு சந்தேகம் வரலாம். 1947-இலேயே அமெரிக்க சேபரும் சோவியத்தின் மிக்-15-உம் பின்னோக்கிச் சாய்ந்த சிறகுகளோடு பறந்துவிட்டன. கேம் ஏன் நேர்ச்சிறகைப் பிடித்துக்கொண்டிருந்தார்? அறியாமையால் அல்ல. இதே விமானத்துக்கு 35 பாகை சாய்ந்த சிறகு பொருத்தி, பி.1052 என்ற பெயரில் 1948 நவம்பரிலேயே ஹாக்கர் பறக்கவிட்டது. சாய்ந்த சிறகு ஒலிவேகத்துக்கு அருகில் சுகமாகப் பறக்கும். மெதுவாகப் பறக்கும்போது அதே பரப்புக்குக் குறைவான தூக்குவிசையே தரும், சிறகு நுனிகள் முதலில் சோர்ந்துபோகும். அதாவது வேகமாக இறங்க வேண்டும். கம்பியின் கணக்கு என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். வானத்தில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, தளத்தில் பாதுகாப்பை வாங்கிய முடிவு நேர்ச்சிறகு. சீ ஹாக் பழைய பாணி என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. அன்றைய தளங்களும் கம்பிகளும் தாங்கக்கூடியதை ஒட்டி எடுத்த முடிவு அது.

எந்திரம் தாமதமாகப் பதில் சொல்லும் சிக்கல் மட்டும் தீரவில்லை. அதைத் தீர்த்தது கப்பல். பழைய தளங்கள் நேராக இருந்தன. பின்பாதியில் விமானங்கள் இறங்கும், முன்பாதியில் ஏற்கெனவே இறங்கியவை நிற்கும், நடுவில் ஒரு வலைத் தடுப்பு. கொக்கி கம்பியைத் தவறவிட்டால் தடுப்பில் மோதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே விமானி இறங்கும்போது எந்திரத்தைத் தணித்தே ஆக வேண்டும், தணித்தபின் மறுபடி எழ முடியாது. 1951-இல் டென்னிஸ் கேம்பல் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, இறங்கும் பாதையைச் சில பாகைகள் இடப்பக்கம் சாய்த்துவிட்டால் என்ன என்று கேட்டார். முன்னால் நிற்கும் விமானங்கள் பாதையில் இருக்காது. எச்.எம்.எஸ். டிரயம்ஃப் கப்பலின் தளத்தில் சாய்ந்த கோடுகளைப் பெயின்டால் வரைந்து இந்த யோசனையைச் சோதித்தார்கள். அதற்குமேல் செலவில்லாத சோதனை! சாய்தளத்தில் விமானி எந்திரத்தைத் தணிக்க வேண்டியதே இல்லை. சக்கரம் தளத்தைத் தொட்டதும் முழுவிசை கொடுக்கிறார். கம்பி பிடித்தால் நிற்கிறார், தவறினால் தளத்தின் விளிம்பைத் தாண்டிப் பறந்து சுற்றி வருகிறார். எந்திரம் தாமதிப்பதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அது எப்போதும் விழித்தே இருக்கிறது. அதே காலத்தில் காலின் மிட்செலின் நீராவிக் கவணும், நிக்கோலஸ் குட்ஹார்ட்டின் இறங்கு கண்ணாடியும் வந்து சேர்ந்தன. கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளி பக்கவிளக்குகளின் வரிசைக்கு மேலே இருந்தால் விமானம் உயரத்தில் வருகிறது, கீழே இருந்தால் தாழ்கிறது. கொடி காட்டும் மனிதரின் கண்ணை நம்பாமல் விமானி தாமே திருத்திக்கொள்ளலாம்.

போரின்போது தொடங்கி முடிக்கப்படாமல் கிடந்த ஹெர்குலிஸ் கப்பலை 1957-இல் இந்தியா வாங்கியது. பெல்ஃபாஸ்டில் சாய்தளமும் நீராவிக் கவணும் பொருத்தப்பட்டு, 1961 மார்ச் 4 அன்று அது விக்ராந்த் ஆனது. அதே ஆண்டு மே 18 அன்று ஆர்.எச். தஹிலியானி ஒரு சீ ஹாக்கை அதன் தளத்தில் இறக்கினார். விக்ராந்தில் இறங்கிய முதல் ஜெட் அது. தஹிலியானி பின்னாளில் கடற்படைத் தளபதியானார். சீ ஹாக்குகளுக்கான கரைத்தளம் ஐ.என்.எஸ். ஹன்சா 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? கடலே இல்லாத கோவை மாவட்டத்துச் சூலூரில். கோவா விடுதலைக்குப் பிறகுதான் அது டபோலிமுக்கு மாறியது.

தளத்தின் மேல் வீசும் காற்று எவ்வளவு முக்கியம் என்பது 1971-இல் வெளிப்பட்டது. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். கப்பல் முழுவேகத்தில் ஓட முடியாது. கப்பல் மெதுவாக ஓடினால் எதிர்க்காற்று குறையும். எதிர்க்காற்று குறைந்தால் கவணிலிருந்து புறப்படும் விமானம் கூடுதல் வேகத்தோடு எறியப்பட வேண்டும், இல்லையென்றால் குறைந்த சுமையோடு புறப்பட வேண்டும். இறங்கும்போது கம்பிகளின் பாடு கூடும். கொதிகலனின் நிலை கப்பலைப் போருக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவையே தொட்டது. சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். டிசம்பர் 4 காலை எட்டு சீ ஹாக்குகள் வங்கக் கடலிலிருந்து எழுந்து காக்ஸ் பஜாரைத் தாக்கின, பிறகு சிட்டகாங் துறைமுகம். இந்தியக் கடற்படையில் இந்த விமானங்கள் 1980களின் தொடக்கம்வரை பறந்தன.

கம்பியின் கணக்கு இன்றும் மாறவில்லை. தேஜஸ் விமானத்தின் கடற்படை முன்மாதிரிக்கு அதே கேள்விகள்தான் வந்தன. தரைவிமானத்தின் உடலை எடுத்துக்கொண்டாலும் சக்கரக் கால்களைப் பலப்படுத்த வேண்டியிருந்தது, தளம் தெரிய மூக்கைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அதன் முக்கோணச் சிறகு வேகத்துக்கு ஏற்றது, மெதுவாக இறங்கத் தயங்குவது. சிட்னி கேம் இந்த இடத்தில் நேர்ச்சிறகைத் தேர்ந்தார். தேஜஸை வடித்தவர்கள் சிறகு வேரின் முன்விளிம்பில் அசையும் பலகைகளைச் சேர்த்தார்கள். அவை மேல்பரப்பில் காற்றுச் சுழல்களை எழுப்பிச் சிறகைக் குறைந்த வேகத்திலும் தூக்கி நிறுத்துகின்றன. அந்த முன்மாதிரி முதலில் கோவாவின் ஹன்சா தளத்தில், கப்பல் தளத்தின் அளவுக்கே கட்டிய சோதனை ஓடுபாதையில் கம்பி பிடித்து இறங்கிப் பழகியது. 2020 ஜனவரி 11 அன்று ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவின் தளத்தில் கம்பியைப் பிடித்தது.